நாரி உளைவும் 66 கிலோ மூடையும்: ஆலைத் தொழிலாளி ஒருவருக்குப் பதில்

கேள்வி: சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றில் 22 வருடமாக மூடை சுமக்கிறேன். வயது 46, நிறை 58 கிலோ. பெரும்போக நெல் வந்து இறங்கும் காலத்தில் நாளுக்கு இரண்டு லொறி, லொறிக்கு 150 மூடை, மூடைக்கு 66 கிலோ. இருவர் லொறியில் நின்று தூக்கிக் கொடுக்க, நானும் இன்னொருவரும் தலையில் வாங்கி 20 மீற்றர் நடந்து களஞ்சியத்தில் அடுக்குகிறோம். மற்ற நாட்களில் 25 கிலோ அரிசிப் பைகளைத் தரையிலிருந்து எடுத்து லொறியில் ஏற்றுவோம். சம்பளம் மூடைக் கணக்கு. முன்பெல்லாம் இரவு படுத்து எழும்பினால் உடம்பு சரியாகிவிடும். இரண்டு வருடமாக அப்படி இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கால் நடுங்குகிறது, நாரி பிடித்துக்கொள்கிறது, காலையிலும் களைப்போடுதான் எழும்புகிறேன். வயது போகிறது என்கிறார் மனைவி. முதலாளி அகலமான இடுப்புப் பட்டி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். கூட வேலை செய்பவர்கள் பாமசியில் வலிக் குளிசை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறார்கள். இது வயதா, நோயா? பட்டி கட்டினால் போதுமா? உடம்பைத் தேற்ற வழி உண்டா? (காரைதீவு வாசகர்)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் எழுதிய எண்களை வைத்து, நீங்கள் போடாமல் விட்ட ஒரு கணக்கை முதலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு லொறியில் 300 மூடை வருகிறது. சுமப்பவர்கள் இருவர் என்றால் உங்கள் பங்கு 150 மூடை. 150 மூடையை 66ஆல் பெருக்கினால் 9,900 கிலோ, அதாவது ஏறத்தாழப் பத்துத் தொன் நெல் ஒரே நாளில் உங்கள் தலை வழியாகக் களஞ்சியத்துக்குப் போகிறது. தலையில் பாரத்தோடு மட்டும் நீங்கள் நடக்கும் தூரம் 3 கிலோமீற்றர். ஒவ்வொரு மூடையும் உங்கள் உடம்பின் நிறையைவிட 8 கிலோ கூட. இப்படியான ஒரு வேலையில் 46 வயதில் நாரி பிடிப்பதற்கு நோய் ஒன்றைத் தேடிப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. காரணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மனைவி சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. மூச்சாலும் இதயத்தாலும் தாங்கக்கூடிய உச்ச வேலையளவு, நடு வயதிலிருந்து பொதுவாகப் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து வீதம் குறைந்துகொண்டு போகிறது. எட்டு மணித்தியால வேலைநாள் முழுவதும் ஒருவர் இளைப்பின்றிச் செய்யக்கூடியது அந்த உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்பது, வேலையின்போது உடம்பு இயங்கும் விதத்தை ஆராயும் தொழில் உடற்றொழிலியலில் நீண்ட காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். ஆகவே 24 வயதில் உங்கள் எல்லைக்குச் சற்று மேலே இருந்த வேலை இன்று எல்லைக்கு வெகு மேலே போய்விட்டது. உடம்பு மாறியிருக்கிறது, மூடை மாறவில்லை. வயதை நீங்களோ நானோ திருப்ப முடியாது. மூடையையும் நடையையும் ஓய்வையும் மாற்ற முடியும் என்பதால் என் பதில் அந்தப் பக்கமே அதிகம் போகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது நாரி வலி அல்ல. முன்பு ஓர் இரவில் தீர்ந்த களைப்பு இப்போது தீருவதில்லை என்ற வரிதான். களைப்பு என்பது தன்னளவில் கெட்டதல்ல; அது உடம்பு கேட்கும் கடன், அன்றன்றைக்கு அடைத்துவிட்டால் தொல்லை இல்லை. நேற்றைய மிச்சத்தோடு இன்றைய வேலையைத் தொடங்கும்போதுதான் அது வட்டிக்கு வட்டி ஏறும் கடனாகிறது. இந்த உவமையைச் சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் தூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோசோ என்ற உடற்றொழிலியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கருவி செய்தார். கையை அசையாமல் பிணைத்துவிட்டு, நடுவிரலால் மட்டும் ஒரு சிறு பாரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்து, விரல் ஓய்ந்து போகும் வரை ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் அது தாளில் கீறிக் காட்டியது. அவருடைய ஆய்வுகூடத்தில் கிடைத்த ஒரு முடிவை நான் ஆலைகளில் பேசும்போதெல்லாம் சொல்வதுண்டு. 30 தடவை இழுத்து முற்றாகக் களைத்த விரலுக்குப் பழைய தெம்பு திரும்ப 2 மணித்தியாலம் ஓய்வு தேவைப்பட்டது. அதே விரலை 15 தடவையோடு நிறுத்திவிட்டால் அரை மணித்தியாலமே போதுமாக இருந்தது. வேலை பாதியானபோது தேவைப்பட்ட ஓய்வு பாதியாகவில்லை, காற்பங்காகிவிட்டது. களைத்த தசையிலிருந்து கறக்கும் கடைசிச் சில இழுப்புகளுக்குத்தான் உடம்பு மிகப் பெரிய விலை கொடுக்கிறது.

உங்கள் ஆலையில் நடப்பது இதற்கு நேர்மாறானது என்று ஊகிக்கிறேன். லொறி வந்தவுடன் ஒரே மூச்சில் 150 மூடையையும் இறக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, அடுத்த லொறி வரும்வரை மா மர நிழலில் ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ படுத்திருப்பீர்கள். ஓய்வு கிடைக்காமல் இல்லை. கிடைக்கிறது, ஆனால் கடன் உச்சத்துக்கு ஏறிய பிறகு கிடைக்கிறது. அதே ஒரு மணித்தியாலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி மூடைகளுக்கு இடையில் வைத்தால் அதன் பெறுமதி பல மடங்கு கூடும்.

மூடைக் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இடையில் நிற்பது காசை இழப்பதாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் பெத்லஹேம் உருக்கு ஆலையில் 1899ஆம் ஆண்டில் பிரெடெரிக் டெய்லர் என்ற பொறியியலாளர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 42 கிலோ வரும் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பலகை வழியாக வண்டியில் ஏற்றும் தொழிலாளர்களைப் பார்வையிட்டார். அந்த அளவு பாரத்தைச் சுமப்பவர், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், நாளின் 43 வீத நேரம் மட்டுமே சுமையின் கீழ் இருக்கலாம், மிகுதி 57 வீத நேரம் சுமையின்றி இருக்க வேண்டும், அப்போதுதான் நாள் முழுவதும் தளராமல் அதிகம் ஏற்ற முடியும் என்பது அவர் எழுதிவைத்த முடிவு. பாரம் பாதியானால் சுமையின் கீழ் இருக்கக்கூடிய நேரம் 58 வீதம் வரை கூடும் என்றும் எழுதினார். ஒருவர் நாளுக்கு ஏற்றிய அளவை 12½ தொன்னிலிருந்து 47½ தொன்னாக உயர்த்திக் காட்டியதாகவும் சொன்னார். டெய்லரை நான் தொழிலாளியின் நண்பர் என்று சொல்லமாட்டேன். அவர் தேடியது உற்பத்தியை. அந்தக் கதையில் அவர் நிறையவே அலங்காரம் சேர்த்திருக்கிறார் என்பதைப் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் காட்டியுமிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு பார்த்த ஒரு மனிதரே, பாரம் கூடக்கூட ஓய்வின் பங்கு கூட வேண்டும் என்று எழுத நேர்ந்தது கவனிக்கத்தக்கது. உங்கள் மூடை அந்த இரும்புக் கட்டியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம்.

எனவே நான் கேட்பது இதுதான். நீங்கள் சுமக்கும் ஒவ்வொரு 15 மூடைக்கும் பிறகு, களைப்புத் தெரிகிறதோ இல்லையோ, ஐந்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஒரு லொறிக்கு உங்கள் பங்கு 75 மூடை என்றால் இடையில் நாலு தடவைதான் நிற்க வேண்டிவரும், மொத்தம் 20 நிமிடம். லொறிச் சாரதி முணுமுணுக்கக்கூடும். ஆனால் 50ஆவது மூடைக்குப் பிறகு உங்கள் நடை எவ்வளவு தளர்கிறது என்பதை மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால், அந்த 20 நிமிடத்தில் பெரும்பகுதி நடையிலேயே திரும்பி வருவதை அவரும் காண்பார். அத்தோடு லொறியில் நிற்கும் இருவரும் சுமக்கும் இருவரும் ஒவ்வோர் ஓய்வின்போதும் இடம் மாறிக்கொள்ளுங்கள். லொறியில் நிற்பது இலகுவான வேலை என்று நான் சொல்லவில்லை. அங்கே வேறு தசைகள் வேலை செய்கின்றன, கழுத்துக்கும் தோளுக்கும் அந்த நேரம் விடுதலை கிடைக்கிறது.

கழுத்தும் தோளும் நாரியும்தான் முதலில் பிடிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நடக்கும்போது கால் தசைகள் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு தளர்விலும் இரத்தம் உள்ளே பாய்ந்து கழிவை எடுத்துக்கொண்டு போகிறது. தலைமூடையை ஆடாமல் பிடித்திருக்கும் கழுத்துத் தசைகளும், மூடையைப் பற்ற உயர்த்திய கைகளைத் தாங்கும் தோள் தசைகளும், நடுவுடலை நிமிர்த்தி வைத்திருக்கும் நாரித் தசைகளும் இறுகியபடியே நிற்கின்றன. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஜேர்மனியில் வோல்ட்டர் ரோமெர்ட் 1960இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஒரு தசை தன் உச்சப் பலத்தின் பாதியை விடாமல் பிடித்திருக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். இடையிடையே தளரவிடும் சிறு ஓய்வு, பின்னர் எடுக்கும் நீண்ட ஓய்வைவிட இந்தத் தசைகளுக்கு மேலானதாக இருப்பது இதனாலேயே.

தலையில் சுமப்பது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். செலவாகும் சக்தியை மட்டும் பார்த்தால் அது மோசமான முறை அல்ல. இந்தியாவில் ஏழு விதமான சுமக்கும் முறைகளை ஒப்பிட்டு 1971இல் வெளியான ஆய்வில், முன்னும் பின்னும் பிரித்துக் கட்டிய சுமைக்கு மிகக் குறைந்த சக்தியும், கைகளில் தொங்கவிட்ட சுமைக்கு மிகக் கூடிய சக்தியும் செலவாயின. தலைச்சுமை முன்னதற்குக் கிட்ட நின்றது. கிழக்கு ஆபிரிக்கப் பெண்கள் தம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடக்கும்போது மேலதிகச் சக்தியே செலவாகவில்லை என்று 1986இல் அளந்திருக்கிறார்கள். ஆனால் 58 கிலோ உடம்புக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது 12 கிலோகூட இல்லை. 66 கிலோவில் சக்திச் செலவைப் பற்றிய பேச்சே இரண்டாம் பட்சம். அங்கே பொறுப்பது கழுத்தின் எலும்பும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைத்தட்டும்.

உங்கள் வேலை எல்லையைத் தாண்டுகிறதா என்பதை நீங்களே அறிந்துகொள்ள இலகுவான வழி ஒன்று இருக்கிறது. லூசியன் புரூஹா என்ற தொழில் உடற்றொழிலியலாளர் உருவாக்கிய முறை அது. ஒரு மணிக்கூடு மட்டும் போதும். ஒரு சுற்று வேலை முடிந்தவுடன் உட்காருங்கள். முதல் அரை நிமிடத்தை விட்டுவிட்டு, அடுத்த அரை நிமிடம் மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள்; இது முதல் எண். ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை எண்ணுவது இரண்டாவது, இரண்டரையிலிருந்து மூன்று வரை எண்ணுவது மூன்றாவது. முதல் எண் நிமிடத்துக்கு 110 அல்லது அதற்குக் கீழும், மூன்றாவது எண் முதலாவதைவிடக் குறைந்தது 10 துடிப்புத் தாழ்ந்தும் இருந்தால், உடம்பு அந்த வேலையைத் தாங்குகிறது, களைப்புச் சேரவில்லை என்று கொள்ளலாம். முதல் எண் 130, 140 என்று நின்று, மூன்றாவதிலும் இறங்க மறுத்தால் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. காலை முதல் சுற்றில் ஒரு தடவையும் பிற்பகல் கடைசிச் சுற்றில் ஒரு தடவையும் எடுத்து ஒப்பிடுவதுதான் இதில் மிகவும் பயன் தரும்.

இனி பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இல் வெளியிட்ட 128ஆம் இலக்கப் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்க அனுமதிக்கப்படும் உச்ச நிறை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை இயன்ற விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்கிறது. 55 கிலோ என்பது பாதுகாப்பான நிறை என்று இதற்குப் பொருள் அல்ல; எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ளக்கூடிய மேல் எல்லை, அவ்வளவே. அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 1991இல் திருத்தியமைத்த தூக்குதல் சூத்திரம், எல்லா வசதியும் பொருந்திய தூக்குதலுக்கே 23 கிலோவைத்தான் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. வசதி குறையக் குறைய அதிலிருந்து கழித்துக்கொண்டே போகிறது. இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதற்கும் சுமந்து நடப்பதற்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதால் உங்கள் நெல் மூடைக்கு அதைப் போட்டுப் பார்ப்பது முறையல்ல. ஆனால் நீங்கள் தனியாகத் தூக்கும் 25 கிலோ அரிசிப் பைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பை தரையில் கிடக்கிறது, பிடி தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, குனியும்போது கைகள் கணுக்காலிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னுக்குப் போகின்றன, லொறித் தட்டு உயரமாக 130 சென்ரிமீற்றருக்குத் தூக்குகிறீர்கள், நிமிடத்துக்கு ஒரு பை, வேலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், பிடிக்கக் காது இல்லாத வழுக்கும் பை என்று எடுத்தால், சூத்திரம் தரும் விடை ஏறத்தாழ 7 கிலோ. இப்போது அதே பையைத் தரையில் போடாமல் 75 சென்ரிமீற்றர் உயரமான ஒரு மேடையில் வைத்து, உடம்போடு அணைத்து 30 சென்ரிமீற்றருக்குள் பிடித்து, அதே லொறியில் ஏற்றுவதாகக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 12 கிலோவாக உயர்கிறது. பையின் நிறை மாறவில்லை, ஆளும் மாறவில்லை, பை கிடந்த உயரமும் அதைப் பிடித்த தூரமும்தான் மாறின. 12 கிலோவும் 25 கிலோவுக்குப் பாதிதான் என்பதால், மேடை போட்ட பிறகும் இருவர் சேர்ந்தோ, வேகத்தைக் குறைத்தோ தூக்க வேண்டியிருக்கும். ஆனாலும் கவிழ்த்து வைத்த இரண்டு மரப்பெட்டிகளும் ஒரு பலகையும் இவ்வளவு செய்கின்றன என்பதை உங்கள் முதலாளிக்குக் காட்டுவதற்கு இந்தக் கணக்கு உதவும்.

குனிந்து தூக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள் என்று சுவரில் படம் ஒட்டும் வழக்கத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அது கெட்டதல்ல, ஆனால் முதலாளிமாருக்கு அது மிக மலிவான ஆறுதல். ஜேர்மனியின் உல்ம் நகரத்தில் ஒருவரின் முதுகெலும்பு இடைத்தட்டுக்குள் உணரியைச் செலுத்தி அளந்து 1999இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 20 கிலோப் பெட்டியை முதுகை வளைத்துத் தூக்கும்போது இடைத்தட்டின் அழுத்தம் சும்மா நிற்கும்போது இருப்பதைப் போல் நாலரை மடங்குக்கு மேல் ஏறியது. முழங்காலை மடித்துத் தூக்கியபோதும் அது ஏறத்தாழ மூன்றரை மடங்கில் நின்றது. பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோதுதான் இரண்டு மடங்குச் சொச்சத்துக்கு இறங்கியது. முறை மாறினால் நன்மை உண்டு. ஆனால் 66 கிலோவை எந்த முறையில் தூக்கினாலும் அது 66 கிலோதான். தூக்கும் முறையை மட்டும் கற்பித்த பயிற்சிகள் நாரி வலியைக் குறைத்ததற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இடுப்புப் பட்டிக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். அமெரிக்காவில் 160 கடைகளில் பாரம் தூக்கும் 9,000க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் விசாரித்து 2000ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், பட்டியை நாள்தோறும் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இடையில் முதுகு வலியிலோ காயத்திலோ வேறுபாடு தெரியவில்லை. கட்டினால் தெம்பாக இருப்பதாகத் தோன்றினால் கட்டுங்கள்; ஆனால் பட்டி இருக்கிறதே என்று இன்னொரு மூடை கூடச் சுமக்காதீர்கள். அந்தக் காசுக்கு முதலாளி இன்னும் கொஞ்சம் போட்டு, மூடையைச் சாய்த்து நிறுத்தித் தள்ளும் இரு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கித் தந்திருந்தால் நான் பெரிதும் மகிழ்ந்திருப்பேன். 20 மீற்றர் சமதரை நடைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அதற்கு முன் களஞ்சிய வாசற்படியை உடைத்துச் சரிவாக்கி, வெடித்த சீமெந்துத் தரையைப் பூசிவிட வேண்டும். சில்லு குழியில் விழும் தரையில் தள்ளுவண்டி இரண்டு நாளில் மூலைக்குப் போய்விடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் பார்த்திருக்கிறேன். அடுக்கைத் தோளுயரத்துக்கு மேல் ஏற்றாமல் அகலமாகப் பரப்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளிசை விடயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோபினாக் போன்ற வலிக் குளிசைகள், வேர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. நாளுக்கு இரண்டு என்று மாதக்கணக்கில், அதுவும் வெறும் வயிற்றில் போடுவது குடலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகக் கெடுக்கும். அம்பாறை மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில், காரணம் முழுமையாகப் புலப்படாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டிவருவதை அறிந்த எவரும் இதை அலட்சியமாக எடுக்கக்கூடாது. இதைவிட, வலியை மறைத்துக்கொண்டு சுமப்பது உடம்பின் எச்சரிக்கை மணியின் வயரை அறுத்துவிடுவதற்குச் சமம். கூட வேலை செய்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று வீசும் சிறுபோக அறுவடைக் காலத்திலும், நெல் அவிக்கும் ஆலைக்குள் எந்தக் காலத்திலும், களைப்பில் ஒரு பங்கு சூட்டால் வருவது. தோலைக் குளிர்விக்க இரத்தம் வெளியே ஓடுவதால் தசைக்குப் போவது குறைகிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. தாகம் எடுக்கும்வரை பார்த்திராமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை தண்ணீர் குடிப்பதே சரியான அளவு. காலையில் பழஞ்சோறும் இடையில் உப்புப் போட்ட மோரும் நல்லவை, இரத்த அழுத்தம் இருந்தால் உப்பை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு நாட்களில் உங்களோடு வேலை செய்யும் முஸ்லிம் சகோதரர்களுக்காக, லொறி இறக்குவதை இயன்றவரை அதிகாலைக்கோ நோன்பு திறந்த பின்னுக்கோ மாற்றும்படி முதலாளியிடம் எல்லோருமாகக் கேளுங்கள்.

அதிகாலை வேலையில் ஒரு கவனம் வேண்டும். இரவு படுத்திருக்கும்போது இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி வீங்குவதால், எழுந்த முதல் மணித்தியாலத்தில் குனியும்போது முதுகெலும்பின் மேல் விழும் விசை நாளின் மற்ற நேரத்தைவிட மிகக் கூடுதலாக இருக்கும். பாயிலிருந்து எழும்பி நேரே ஆலைக்கு ஓடி முதல் மூடையைத் தூக்காமல், ஒரு மணித்தியாலமாவது நடமாடிய பிறகு தொடங்குங்கள்.

உடம்பைத் தேற்ற வழி கேட்டீர்கள். உங்களுக்குப் பலம் போதாது என்று நான் நினைக்கவில்லை, ஆகையால் ரொனிக்கும் பாரப் பயிற்சியும் சொல்லமாட்டேன். மாலையில் 20 நிமிடம் கைவீசி நடப்பதும், பாயில் மல்லாந்து முழங்கால்களை மார்போடு அணைத்து மெல்ல நாரியைத் தளர்த்துவதும், ஏழு மணித்தியால நித்திரையும் போதும். மீனும் பருப்பும் முட்டையும் கிடைக்கும் வீட்டில் வேறு விசேட உணவு தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு தடவை வைத்தியரிடம் உடம்பைக் காட்டிவிடுங்கள். இரண்டு வருடமாக நீங்காத களைப்புக்கு நீரிழிவு, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, சிறுநீரக நோய் ஆகியவையும் காரணமாகலாம். சில சாதாரண இரத்தப் பரிசோதனைகளில் இவை தெரிந்துவிடும். நாரி வலி ஒரு காலுக்கு இறங்கிக் கால் மரத்துப் போனாலோ பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ தாமதிக்க வேண்டாம். தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, அது எந்த நேரமானாலும் கல்முனைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். சுமக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைத்தலத்தில் வேலையின்போது நேரும் விபத்துக் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம். மெல்ல மெல்ல ஏறிய தேய்மானத்தை அப்படி நிரூபிப்பது கடினம் என்பதால், நாரி திடீரெனப் பிடித்த நாள், நேரம், அப்போது தூக்கிய மூடை, பக்கத்தில் நின்றவர் யார் என்பவற்றை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதலாளியோடு இந்தச் சட்டத்தை வைத்துப் பேச்சைத் தொடங்க வேண்டாம் என்பது என் அனுபவம். இடுப்புப் பட்டி வாங்கித் தந்தவர் உங்கள் வலியைக் கண்டவர்தான். அவருக்கு முன்னால் 66 கிலோவை 50 ஆக்கும் பேச்சையும் தள்ளுவண்டியின் விலையையும் வையுங்கள். மூடை சிறிதானால் மூடைக் கணக்குச் சம்பளமும் மாற வேண்டும், ஆனால் ஒரு மூடைக்கு இப்போது தரும் காசை நிறைக்கு ஏற்ப மட்டும் பிரித்துக் குறைத்துவிடக் கூடாது; சிறிய மூடையில் நடைகள் கூடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு கிழமைக்கு, முதல் கிழமை வழக்கம்போலவும் இரண்டாம் கிழமை 15 மூடைக்கு ஐந்து நிமிட ஓய்வோடும் வேலை செய்து, காலையிலும் பிற்பகலிலும் எடுத்த மூன்று நாடித்துடிப்பு எண்களையும் ஒவ்வொரு லொறிக்கும் எடுத்த நேரத்தையும் அதே கொப்பியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நாலு பேரும் எடுத்தால் இன்னும் நல்லது. அந்த எண்கள் கையில் இருந்தால், எத்தனை மூடைக்கு ஒரு தடவை நிற்பது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஊகமாக இல்லாமல் சொல்லுவேன்.